பத்துப் பொருத்தம்

அண்மையில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபமொன்றில் ஓர் ஒப்பீட்டுக் கட்டுரைக்கு முதல் பரிசு தந்தார்கள். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்ட நாவல்களையும் நம் மலேசிய ரப்பர்த் தோட்ட நாவல்களையும் அருகருகே நிறுத்திய கட்டுரை. ஒற்றுமைகள் பத்து: கங்காணி, லயம், வறுமை, கள், மாரியம்மன் என்று வரிசை. வேற்றுமைகள் மூன்று, அவற்றில் ஒன்று, அங்கே குளிர், இங்கே புழுக்கம். முடிவில் இரண்டும் தமிழன்னையின் இரு கண்கள். நடுவர் 'நடுநிலை' என்று மெச்சினார். பொன்னாடையும் விழுந்தது.

எழுதியவர் இளைஞர், அவர்மேல் நமக்குக் கோபமில்லை. பரிசு கொடுத்த பெரியவர்கள்மேல்தான். ஜாதகக் கட்டைப் பார்த்துப் பத்துப் பொருத்தம் எண்ணும் தரகருக்காவது ஒரு நோக்கமுண்டு. கல்யாணம் நடந்தாக வேண்டும். நம் ஒப்பீட்டாளர்களுக்கு அதுகூட இல்லை.

கங்காணி இரண்டு இடத்திலும் இருந்தான் என்பது கண்டுபிடிப்பா? ஒரே பஞ்சம் விரட்டி, ஒரே ஏகாதிபத்தியம் கப்பலேற்றிய சனம். ஒத்திருப்பதில் என்ன வியப்பு? இவ்வளவு ஒத்திருந்தும் பாதை எங்கே பிரிந்தது, ஏன் பிரிந்தது என்று கேட்கும்போதுதான் ஒப்பீடு தொடங்குகிறது. கேள்வியில்லாத ஒப்பீடு வெறும் பட்டியல்.

ஓர் உதாரணம். 1940 ஜனவரியில் மலையகத்தின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மறு ஆண்டு நம் கிள்ளானில் வேலைநிறுத்தம். கூலியை உயர்த்து என்பதோடு, வெள்ளைக்காரனைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம், கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். முன்னின்ற ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்; இராணுவம் வந்தது; ஐவர் மாண்டனர். முல்லோயாவுக்கு ஒரு விசாரணை ஆணையமாவது கிடைத்தது; கோவிந்தனின் மனைவி சார்பில் இடதுசாரி வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். இலங்கையில் 1931 முதலே சர்வசன வாக்குரிமை. தோட்டத்திலும் வாக்காளர்கள் இருந்தார்கள். மலாயாவுக்கோ முதல் கூட்டரசுத் தேர்தலே 1955-இல்தான்.

அதோடு முடிந்ததா? 1947-இல் மலையக மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் நாடாளுமன்றத்துக்கு ஏழு பேரை அனுப்பியது. தலவாக்கலையிலிருந்து போனவர் 'வீடற்றவன்' எழுதிய சி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. வாக்குச்சீட்டைப் பெரும்பாலும் காணாதிருந்த நம்மவர்களுக்கு 1957 விடுதலை குடியுரிமையின் கதவைத் திறந்தது. உள்ளே வராமல், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டவர்களையும் மறப்பதற்கில்லை. ஆயினும் இரு சமூகங்களும் எதிரெதிர்த் திசையில் நடந்தன. அதனால்தான் மலையகக் கதையில் தோட்டம் அங்கேயே நிற்க, மனிதன் பெயர்க்கப்படுகிறான். நம் கதையில் மனிதனுக்கு நாடு இருக்கிறது. தோட்டம்தான் காலடியிலிருந்து போகிறது. சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவானதும் பிராங் புசார் புத்ராஜெயாவானதும் நாம் பார்க்க நடந்தவை. பரிசுக் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை. மாரியம்மனுக்கு ஒரு பக்கம்.

நாம் ஒப்பீட்டுத் துறைக்குப் புதியவர்களும் அல்ல. இலங்கைத் திறனாய்வாளர் கைலாசபதி 1933-இல் பிறந்தது இதே கோலாலம்பூரில். பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் அவர் செய்த ஆய்வு 1968-இல் ஆங்கில நூலாயிற்று. அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த காலம் ஒன்று இருந்தது. சங்கப் பாணனை ஹோமரோடும் அயர்லாந்து, வேல்ஸ் பாடகர்களோடும் நிறுத்தியவர் உவமைகளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. வீரயுகம் என்ற சமூகக் கட்டத்தைத் தேடினார். சங்கப்பாட்டு வாய்மொழிப்பாட்டு என்ற அவர் முடிவை நாம் பாதிக்குமேல் ஏற்கவில்லை. ஆனால் ஏற்காமல் சண்டை போட அங்கே ஒரு முடிவு இருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டை இங்கே கூட்டிய தனிநாயகம் அடிகளும் சங்க இயற்கையைக் கிரேக்க, லத்தீன் பாட்டுகளோடு வைத்துப் பார்த்தவர். 'இரு கண்கள்' கட்டுரையை யாராலும் மறுக்க முடியாது. அதைவிட ஒரு கட்டுரைக்கு வேறென்ன இழிவு வேண்டும்?

மலையகத்தை எடுத்துக்கொண்டதற்காகவேனும் அந்த இளைஞரைப் பாராட்ட வேண்டும். மற்றவர்களுக்கு ஒப்பிடத் தமிழ்நாடு ஒன்றுதான் தெரியும். அளவுகோல் சென்னையில், அளக்கப்படுவது நாம். பின்தங்கிவிட்டோம் என்று அழுவார்கள். இல்லாவிட்டால் நாமும் சளைத்தவர்களில்லை என்று மார்தட்டுவார்கள். அடுத்த தெருச் சீன எழுத்தாளர்கள் தங்கள் எழுத்து சீனத்தின் கிளையா, இந்த மண்ணுக்கு உரியதா என்று 1947, 48-லேயே கடும் விவாதம் நடத்தினார்கள். அதைத் தமிழில் எடுத்துப் பேச ஆளில்லை. மலாய் இலக்கியமோ தேர்வுப் பாடத்தோடு முடிந்துவிடுகிறது. சமமானவனோடு ஒப்பிட்டால் நம்மைப் பற்றித் தெரியவரும். எசமானனோடு ஒப்பிட்டால் மதிப்பெண்தான் வரும்.

கோவிந்தனை மலையகம் தியாகி என்று இன்றும் சொல்கிறது. கிள்ளானில் விழுந்த ஐவரின் பெயரை நம் பிள்ளைகள் யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை. இரண்டும் ஒரே காலத்து, ஒரே இனத்துச் சாவுகள். ஒன்றை நினைவு வைத்திருப்பதற்கும் மற்றதை விட்டுவிட்டதற்கும் காரணம் தொழிற்சங்கமா, கட்சியா, எழுத்தாளனா? இதை எடுத்து எழுதுபவருக்கு நம்மிடம் பொன்னாடை இல்லை, பக்கங்கள் இருக்கின்றன. ஒருதலைப்பட்சமாக இருந்தாலும் போடுவோம். நடுநிலையோடு வருவதைத் திருப்பி அனுப்புவோம்.