50 ரூபாய் அலங்காரமும் 1,185 ரூபாய் பில்லும்

மக்களே, இது கொஞ்சம் சூடான பதிவு. வீட்டு அலங்காரத்துல என்னய்யா சூடுன்னு கேக்கறவங்க, எங்க தங்கமணியோட ஆள்காட்டி விரல்ல இருக்கற கொப்புளத்தை ஒரு தடவை பாத்துட்டு வந்து பேசுங்க. க்ளூ கன்னு ஒரு வஸ்து இருக்கு. அதோட உபயம்.

முதல்ல எங்க வீட்டைப் பத்தி சொல்லிடறேன். ரெண்டு ரூம் போர்ஷன். ஹால்னு நாங்க மரியாதையா கூப்பிடறது பத்துக்குப் பன்னெண்டு. அதுலயேதான் டிவி, பொண்ணு படிக்கற மேஜை, ராத்திரி பாய் விரிச்சா படுக்கை. ஹவுஸ் ஓனர் குடி வந்த அன்னிக்கே சொல்லிட்டார்: "தம்பி, செவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க. காலி பண்றப்போ ஓட்டைய எண்ணித்தான் அட்வான்ஸ் தருவேன்." இருக்கற காலண்டரே ஜன்னல் கம்பியிலதான் தொங்குது.

இப்படிப்பட்ட வீட்டுக்காரிக்கு ஒரு வீடியோ கண்ணுல பட்டுடுச்சு. வெறும் 50 ரூபாயில் உங்கள் சின்ன வீட்டை அழகாக்கலாம், எல்லாமே வீட்டில் இருக்கும் பொருள்தான்! அப்படின்னு சிரிச்ச முகமா ஒரு அம்மணி. சரி, ஞாயித்துக்கிழமைதானேன்னு நானும் பொண்ணும் கூட உக்காந்தோம்.

வீட்டில் இருக்கும் பொருட்களோட லிஸ்ட் கீழே. எல்லாம் நான் போய் வாங்கிட்டு வந்தது:

க்ளூ கன் – 320
அதுக்குள்ள போடற க்ளூ குச்சி – 100
அக்ரிலிக் பெயின்ட் செட் – 280
வட்டமா அறுத்த எம்.டி.எஃப் பலகை 2 – 180
சணல் கயிறு – 90
குட்டி லைட் சரம் – 150
தீப்புண் ஆயின்ட்மென்ட் (வீடியோல சொல்லலை) – 65

ஆகமொத்தம் 1,185 ரூபாய். அப்ப அந்த 50 ரூபாய் எதுக்குன்னு கேக்கறீங்களா? கலர் பேப்பருக்கு. அது மட்டும் எங்க வீட்ல நிஜமாவே இருந்துச்சு. :-)

இதுல எனக்கு என்ன கோவம்னா, ஆயிரம் ரூபாய் போனது இல்லை. ஆசைப்பட்டு செலவு பண்றது தப்பே இல்லை. மீன் தொட்டி வெக்கறவன் வெக்கறான், கேமரா வாங்கறவன் வாங்கறான், இதுவும் ஒரு பொழுதுபோக்கு. தாராளமா செய்யுங்க. ஆனா அதுக்கு சிக்கனம்னு பேர் வெக்காதீங்க. கையில காசில்லாத ஒருத்தி அந்த வீடியோவைப் பாத்துட்டு, நம்ம வீட்ல இதுகூட இல்லையேன்னு நினைக்கறா பாருங்க, அங்கதான் எனக்கு எரியுது. நம்ம சக பதிவர்கள் சிலரும் குறைந்த செலவில் கைவினைன்னு பதிவு போட்டு, முதல் வரியிலயே ஹாட் க்ளூ எடுத்துக்கோங்கன்னு ஆரம்பிக்கறீங்க. கோவிச்சுக்காதீங்க. உங்களையும் சேத்துத்தான் திட்டறேன்.

கழிவிலிருந்து கலைன்னு ஒண்ணு ஓடிட்டு இருக்கு. அது இன்னும் மோசம். பாட்டில் வேணும்னு ஜூஸ் வாங்கறது, ஐஸ் குச்சி வேணும்னு புதுசா ஒரு கட்டு குச்சி வாங்கறது. பள்ளிக்கூடத்துல பொண்ணுக்கு வேஸ்ட்ல இருந்து ஏதாவது செஞ்சுட்டு வான்னாங்க. கூடவே தெர்மாகோல் ஷீட் ஒண்ணு வாங்கிக்கணுமாம். அலங்காரத்துக்குப் பயன்படுத்தற தெர்மாகோலை 2022 ஜூலை 1-லேர்ந்து நாடு முழுக்கத் தடை பண்ணியாச்சு. காது குடையற பிளாஸ்டிக் குச்சி, பலூன் குச்சி, பிளாஸ்டிக் கொடி எல்லாம் இருக்கற அதே பட்டியல்ல இதுவும் இருக்கு. தடை பண்ணின குப்பையைக் காசு குடுத்து வாங்கி, குப்பையைக் குறைப்பது எப்படின்னு மாடல் செய்யச் சொன்னா நான் எங்க போய் முட்டிக்கறது?

இப்ப விஷயத்துக்கு வரேன். உண்மையிலயே காசில்லாம அலங்காரம் செஞ்ச ஒரு ஆளை எனக்குத் தெரியும். எங்க அம்மா.

விருதுநகர் பக்கம், 1980-கள். அப்பா மில்லுல வேலை. லைன் வீடு. பங்குனிப் பொங்கலுக்கு அம்மா டஜன் கணக்குல கண்ணாடி வளையல் போடுவாங்க. பாத்திரம் விளக்கறப்போ, துணி துவைக்கறப்போ ஒண்ணொண்ணா உடையும். உடைஞ்ச துண்டை ஒரு தகர டப்பால சேத்து வெப்பாங்க. கரண்ட் போற ராத்திரியில மெழுகுவத்தி ஏத்தினா அம்மாவுக்கு வேலை ஆரம்பிக்கும். வளையல் துண்டோட நடுவை சுடர்ல காட்டினா கொஞ்ச நேரத்துல இளகும். மெதுவா வளைச்சு, முன்னாடி செஞ்ச வளையத்துக்குள்ள கோத்து, முனை ரெண்டையும் சேத்துடுவாங்க. கரி பிடிச்ச இடத்தைத் துணியால துடைச்சா பச்சை பச்சையா, சிவப்பு சிவப்பா பளபளன்னு இருக்கும். இப்படியே சங்கிலி சங்கிலியா சேத்து ஒரு தோரணம். நடு ரூம் நிலைவாசல்ல தொங்கும். காலை வெயில் பட்டா சிமெண்ட் தரையில கலர் கலரா விழும். நானும் தங்கச்சியும் அந்தக் கலர் மேல கால் வெச்சு விளையாடுவோம்.

இன்னொண்ணு பேப்பர் மணித் திரை. உங்கள்ல பல பேரு வீட்லயும் இருந்திருக்கும். பழைய காலண்டர், வாரப்பத்திரிகை அட்டை மாதிரி வழுவழுப் பேப்பரை நீளநீளமா முக்கோணமா வெட்டி, வெளக்கமாத்துக் குச்சியில சுத்தி, மைதா பசை தடவி உருவினா ஒரு மணி. பசையில ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுட்டா பூச்சி அரிக்காது (விஷம், பிள்ளைங்க கைக்கு எட்டாம வெக்கணும்). இப்படி ஆயிரக்கணக்குல மணி கோத்து, வாசலுக்கு ஒரு திரை.

2006-ல எனக்குக் கல்யாணம். வீட்டுக்கு வெள்ளையடிச்சோம். பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்களே, இந்தப் பழசெல்லாம் எதுக்குன்னு நான்தான் அந்தத் தோரணத்தைக் கழட்டினேன். பேப்பர் திரையையும் சேத்துக் கழட்டினேன். பழைய பேப்பர்க்காரர் திரையை வாங்கிக்கிட்டார். கண்ணாடி வேணாம்னுட்டார். குப்பைத்தொட்டியில போட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லலை. அந்த இடத்துல கடையில வாங்கின பிளாஸ்டிக் பூச்சரத்தை மாட்டினேன். நல்லாத்தான் இருக்குன்னாங்க.

இந்தக் கதையில வில்லன் யாருன்னு இப்பப் புரிஞ்சிருக்கும்.

சண்டிகர்ல ராக் கார்டன்னு ஒரு இடம் இருக்கு. நேக் சந்த்னு ஒருத்தர், பொதுப்பணித் துறையில ரோடு இன்ஸ்பெக்டர். 1957 வாக்குல, யாருக்கும் தெரியாம காட்டுக்குள்ள தனியா ஆரம்பிச்சார். இடிச்ச கட்டடத்துக் கல்லு, உடைஞ்ச பீங்கான், உடைஞ்ச வளையல், இதையெல்லாம் வெச்சே நூத்துக்கணக்குல சிலை. 1976-ல அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டாங்க. 1984-ல அவருக்கு பத்மஸ்ரீ. முழுத் தகுதியும் உள்ள மனுஷன், அதுல சந்தேகமே இல்லை. நான் கேக்கறது ஒண்ணுதான். அதே உடைஞ்ச வளையலை அவர் காட்டுக்குள்ள பதிச்சா கலை. எங்க அம்மா நிலைவாசல்ல மாட்டினா மட்டும் ஏன் பழசு? அவங்களுக்கு பத்மஸ்ரீ வேணாம். பெத்த பிள்ளை குப்பைத்தொட்டிக்குப் போகாம இருந்திருந்தாலே போதும்.

இங்க ஒரு எதிர்க்கேள்வி வரும்னு தெரியும். "அண்ணாச்சி, பழசு எல்லாமே ஒசத்தியா? முட்டை ஓட்டுல பென்குவின், உல்லன் நூல்ல நாய்க்குட்டி, இதெல்லாம் அழகா?" இல்லைங்க. எங்க வீட்டு உல்லன் நாய்க்குட்டிக்கு ஒரு கண்ணுதான், அதுவும் சட்டைப் பொத்தான். அதுல இருந்த தூசியிலயே எனக்குப் பாதி நாள் தும்மல். பழசுங்கறதுக்காக நான் கொடி பிடிக்கலை.

ஒரு விஷயத்தையும் ஒத்துக்கறேன். எங்க அம்மா செஞ்சதும் செலவில்லாத வேலை இல்லை. ராத்திரி பத்து மணி வரைக்கும் வீட்டு வேலை, அதுக்கப்புறம் மெழுகுவத்தி வெளிச்சத்துல கண்ணைச் சுருக்கிக்கிட்டு இது. விரல்ல வெட்டு, சூடு. அந்த உழைப்பை நாங்க யாரும் கணக்குல எழுதலை. அந்த வீடியோ அம்மணி க்ளூ கன்னைக் கணக்குல விட்டாங்க. நாங்க அம்மாவையே கணக்குல விட்டோம். சைபர் ரூபாய்ல வந்த பொருள்னு நினைச்சதாலதான், தூக்கிப் போடறப்போ கை கூசலை.

அப்ப சின்ன வீட்டுக்கு என்னதான் செய்யறது, திட்டிட்டே இருந்தா போதுமான்னு கேப்பீங்க. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது மூணு.

1. வீட்டுக்கு ஏற்கனவே வந்த பொருள்தான் மூலப்பொருள். அதுக்காகக் கடைக்குப் போனா ஆட்டத்துல அவுட். நைஞ்சுபோன காட்டன் புடவை ஒண்ணு அஞ்சரை மீட்டர். 2.2 மீட்டரா ரெண்டு துண்டு வெட்டினா ரெண்டு வாசலுக்குத் திரை. மிச்சம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், ரெண்டு தலகாணி உறை. தையல் மெஷின் இல்லேன்னா கைத்தையல் போதும்.

2. தரையைத் தொடக்கூடாது. பத்துக்குப் பன்னெண்டு ரூம்ல தரைதான் சொத்து. மூலையில ஒரு பூச்சாடி வெச்சா ஒரு ஆளு படுக்கற இடம் போச்சு. நிலைவாசல், ஜன்னல் கம்பி, கதவுக்கு மேல, இதுதான் நம்ம ஏரியா. ஆணியும் வேணாம், ஓனர் முகத்துலயும் முழிக்க வேணாம்.

3. அலங்காரம் போகத் தெரிஞ்சதா இருக்கணும். இதுதான் முக்கியம். நம்ம ஊர்ல சின்ன வீட்டுக்காரங்க கண்டுபிடிச்சது எல்லாமே தானா விலகிப் போற அலங்காரம். கோலம் சாயங்காலத்துக்குள்ள கலைஞ்சிடும். மாவிலை காஞ்சா கழட்டிடலாம். தென்னங்குருத்துத் தோரணம் விசேஷம் முடிஞ்சா மாட்டுக்கு. கொலு வெக்கற வீட்டைப் பாருங்க. டிரங்குப் பெட்டியையும் ஸ்டூலையும் அடுக்கி மேல வேட்டி விரிச்சா படி ரெடி. தட்டுல மண்ணைப் பரப்பி கடுகோ வெந்தயமோ தூவினா நாலஞ்சு நாள்ல பார்க் ரெடி. பண்டிகை முடிஞ்சதும் பெட்டி பெட்டியா ஆயிடும். ரூம் திரும்ப நமக்கே வந்துடும். அந்த எம்.டி.எஃப் வட்டத்துக்கு இந்த புத்தி உண்டா? அது இப்ப எங்க வீட்டு பீரோ மேல படுத்துக்கிட்டு, போக மாட்டேன்னு அடம் பிடிக்குது.

நகரத்துல மாவிலையும் காசுக்குத்தானே வருதுன்னு ஒரு பின்னூட்டம் வரும். வாஸ்தவம். அதனாலதான் முதல் விதியை முதல்ல வெச்சேன்.

இவ்வளவு ஞானம் இருந்தும் நான் என்ன செஞ்சேன்னு சொல்லணும். போன மாசம் அம்மா வந்திருந்தாங்க. எழுபத்திரண்டு வயசு. பிராயச்சித்தம் பண்றேன்னு ரெண்டு டஜன் கண்ணாடி வளையலும் ஒரு பாக்கெட் மெழுகுவத்தியும் வாங்கிட்டு வந்து முன்னாடி வெச்சேன். "அம்மா, அந்தத் தோரணத்தை பேத்திக்கு செஞ்சு காட்டுங்க."

அம்மா வளையலை எடுத்துப் பாத்தாங்க. ஒண்ணுகூட உடையலை. என்னைப் பாத்தாங்க.

"ஏண்டா, போடறதுக்கு வளையல் வாங்கினா உடையும். உடைக்கறதுக்குன்னு யாராவது வளையல் வாங்குவாங்களா?"

தங்கமணி அடுப்படியில இருந்து சிரிச்ச சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். அந்த வீடியோ அம்மணிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஒண்ணுமில்லை. ரெண்டு டஜனையும் பேத்தி கையில மாட்டிவிட்டுட்டாங்க.

அப்புறம் அம்மாவே கேட்டாங்க, "அந்தப் பீரோ மேல என்னடா கட்டா?" கல்யாணப் பத்திரிகைங்க. சாமி படம் இருக்கறதால குப்பையில போட மனசு வராம வருஷக்கணக்கா சேந்தது. மூலையில மஞ்சள் தடவின கெட்டி அட்டை, தங்க எழுத்து. அம்மா முதல்ல பிள்ளையார், முருகன், பெருமாளை எல்லாம் தனியா வெட்டி பூஜை அலமாரிக்கு அனுப்பினாங்க. மிச்சத்தை பேத்தியும் பாட்டியும் மாவிலை மாவிலையா வெட்டி, சோத்துப் பசையில மடிச்சு ஒட்டி, பூக்கட்டற நூல்ல கோத்தாங்க. மதியம் ரெண்டு மணிக்கு உக்காந்து அஞ்சு மணிக்கு எழுந்தாங்க.

இப்ப ஜன்னல் கம்பிக்கும் கதவுக் கொண்டிக்கும் நடுவுல சிவப்பும் தங்கமுமா தொங்குது. ஆணி இல்லை. செலவுக் கணக்கு நோட்டுல எழுதிட்டேன்: பொருள் – சைபர். அம்மா மூணு மணி நேரம், பொண்ணு மூணு மணி நேரம்.

இந்தத் தடவை அந்த ஆறு மணி நேரத்தை விடலை.

டிஸ்கி 1: க்ளூ கன் புத்தம் புதுசு, ஒரே ஒரு தடவைதான் சுட்டது. வேணுங்கறவங்க பின்னூட்டத்துல கை தூக்கவும். ஆயின்ட்மென்ட் இலவசம்.

டிஸ்கி 2: உங்க வீட்ல அம்மா, ஆச்சி, அத்தை செஞ்சது ஏதாவது இன்னும் தொங்கிட்டு இருந்தா, அதை எப்படிச் செஞ்சாங்கன்னு கேட்டு ஒரு பதிவு போடுங்க. எவ்வளவு நேரம் ஆச்சுன்னும் மறக்காம கேளுங்க.