விடை தெரிந்தவரின் கேள்வி

புதுக்கவிதை புரியவில்லை என்ற புகார் இன்னும் ஓய்ந்தபாடில்லை. புகார் சொல்பவர் எழுத்தறியாதவர் அல்ல. பட்டம் பெற்றவர், பல சமயம் தமிழிலேயே பட்டம் பெற்றவர். நாம் அவருடைய ரசனையைப் பழித்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இது சோம்பேறித்தனம். படிக்கிறேன் என்று அவர் இத்தனை காலம் எந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிவந்தார் என்பதை நாம் பரிசீலிப்பதில்லை.

பவணந்தியின் நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. இந்த ஆறையும் உதாரணத்தோடு நெட்டுருப் போட்டு மார்க் வாங்கியவர்கள்தாம் நாம் எல்லோரும். ஆனால் செய்யுள் வகுப்பில் நம் காதில் விழுந்தது முதலாவது ஒன்றுதான். விடை தெரிந்தவர், எதிரே இருப்பவனுக்குத் தெரியுமா என்று சோதிக்கக் கேட்பது. பாடலின் திரண்ட கருத்து யாது? ஆசிரியர் உணர்த்த விரும்புவது என்ன? விடை நோட்ஸில் அச்சாகியிருக்கிறது. கேள்விக்கும் விடைக்கும் இடையே பாடலைத் திறந்து பார்க்கும் அவசியமே இல்லை. பத்து வருஷம் இப்படிப் பழகியவனுக்குக் கவிதை என்பது யாரோ ஒளித்துவைத்த விடை. அது அகப்படாதபோது கவிஞன் ஏமாற்றுக்காரனாகிறான்.

இதுவே நம் மரபு என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் உரையாசிரியர்கள் 'என்னையெனின்' என்று தம்மையே இடைமறித்துக்கொண்டு எழுதியவர்கள். சேனாவரையர் தமக்கு முந்திய இளம்பூரணரை மறுக்கிறார். எதிரே இருப்பவன் மறுத்துக் கேட்பான் என்ற எதிர்பார்ப்பில் பிறந்த உரைநடை அது. பரீட்சைக் கேள்வித்தாளில் அந்த எதிராளிக்கு இடமில்லை.

புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' கதையை எடுத்துக்கொள்வோம். அகலிகை ஏன் மீண்டும் கல்லானாள் என்று கேட்டால், சீதை தீக்குளித்ததை அறிந்ததால் என்று ஒரு வரியில் பையன் கடையைக் கட்டிவிடுவான். வேறு மாதிரி கேட்கலாம்: ராமன் நிரூபணம் கேட்டது சீதையிடம், அகலிகைக்கு அதில் என்ன நஷ்டம்? இப்போது அவன் கதைக்குள் திரும்பிப் போயாக வேண்டும். தன்னை மீட்டவனே இன்னொருத்தியைச் சந்தேகித்தான் என்றால், தனக்குக் கிடைத்த விமோசனத்தின் பெறுமானம் என்ன என்ற இடத்துக்கு அவனாகவே வந்துசேரக்கூடும். வேறு இடத்துக்கும் போகலாம். கேட்ட ஆசிரியருக்கும் முடிவான விடை கையில் இல்லை. ஐயவினா என்பது இதுதான்.

1984இல் அமெரிக்காவில் பாலின்க்ஸர், பிரவுன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எழுத்துக்கூட்டத் தெரிந்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். பத்தியைச் சுருக்குவது, அதைப்பற்றிக் கேள்வி கேட்பது, குழம்பிய இடத்தைத் தெளிவாக்கிக்கொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது ஆகிய நான்கையும் முதலில் ஆசிரியர் செய்துகாட்டினார். பிறகு பிள்ளைகள் முறைபோட்டு ஆசிரியரின் இடத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய புரிதல் தெளிவாக உயர்ந்தது. முக்கியம் அந்த நாலு காரியங்கள் அல்ல, கேட்கும் உரிமை கைமாறியது. இங்கே அந்த நான்கையும் தலைப்பாகப் போட்டு நாலு மார்க் வீதம் பதினாறாக்கிவிடுவதற்கு எத்தனை நாள் ஆகும்?

பள்ளிக்கூடத்தை மட்டும் திட்டி முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. நம் மதிப்புரைகளைப் புரட்டிப் பாருங்கள். 'இக்கவிதை இருத்தலின் அவஸ்தையைச் சொல்கிறது' என்று எழுதுகிறோம். இது அதே திரண்ட கருத்துதான். நோட்ஸ் எழுதியவர் சார்த்தரைப் படித்திருக்கிறார், அவ்வளவே. கவிதையின் ஒரு வரியில் தடுக்கி விழுந்து, ஏன் விழுந்தேன் என்று பகிரங்கமாகக் கேட்ட விமர்சகர்கள் நம்மில் எத்தனை பேர்?

அடுத்த முறை ஒருவர் புரியவில்லை என்று வந்தால், விளக்கம் சொல்லக் கிளம்ப வேண்டாம். எந்த வரியில் நின்றுபோனீர்கள் என்று கேட்போம். அந்த ஒரு கேள்விக்காவது நமக்கு முன்கூட்டியே விடை தெரியாது.