பட்டம் பெற்ற பின்னர்

இல்லத்தரசி என்னும் சொல்லைப் பெண்களைப் போற்றும் பொருட்டு நம்மவர் வழங்குவர். பிற இடங்களில் அது வெறும் உபசாரச் சொல்லாக இருக்கலாம். கல்முனைக் கரையிலோ அது பெரும்பாலும் மெய்யான சொல்லாகும். நற்பிட்டிமுனையிலும் அதன் அயலூர்களிலும், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், மகளுக்கு மணம் பேசுமுன் அவளுக்கென ஒரு வீடு கட்டி முடிப்பதே பெற்றோரின் முதற்கவலை. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகும். மணமகன் அவ்வீட்டிலே வந்து குடிபுகுவான். குடிவழியும் தாயைக் கொண்டே எண்ணப்படும். ஒருவரை இன்ன குடியைச் சேர்ந்தவர் என்று சொல்வது அவருடைய தாயின் குடியை வைத்தேயாகும்.

ஆயினும், அந்தக் குடியின் சார்பிற் சபையில் அமர்பவர் யார்? பள்ளிவாசலில் மரைக்கார், கோயிலில் வண்ணக்கர், இருவரும் ஆடவரே. குடியைத் தருபவள் பெண். குடிக்காகப் பேசுபவர் அவளுடைய சகோதரர் அல்லது மகன். இம்மரபின் நன்மை தீமைகளை ஆராய்வது இன்றைய நமது நோக்கமன்று. பல்கலைக்கழகம், வங்கி, வர்த்தகம் முதலியன நேற்று வந்தவை. அவற்றிற்கு மரைக்கார் முறையும் இல்லை, வண்ணக்கர் முறையும் இல்லை. அங்கும் தலைமைக் கதிரை ஆடவருக்கே உரியதென்னும் பழக்கம் எவ்வாறு நுழைந்தது என்பதையே இவ்வாரம் வாசகர்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றோம்.

பெண் கல்வியில் நம் நாடு பெருமைப்படத்தக்க வரலாறு உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அறிஞர் சித்திலெவ்வை கண்டியில் முஸ்லிம் பெண்களுக்கெனப் பாடசாலை நிறுவினார். 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தது. "அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு" என்ற பழமொழி அதன் பின்னர் மெல்ல மெல்ல வாயிழந்தது. யுத்த காலத்திற் கிழக்குப் பல்கலைக்கழகத்திலே கற்க முடியாதுபோன மாணவரின் பொருட்டு 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1996இல் அது முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அம்முயற்சிக்கு முன்னின்று உழைத்தவர் காலஞ்சென்ற அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப். அப்பல்கலைக்கழகம் ஒலுவிலில் அமைந்தமை கல்முனைக் கரையின் பெண் மக்களுக்குப் பெரும் பேறாயிற்று. பேராதனைக்கோ கொழும்புக்கோ மகளை அனுப்பத் தயங்கிய தந்தையர், காலையிற் சென்று மாலையில் மீளக்கூடிய தொலைவுக்கு அனுப்பத் தயங்கவில்லை.

விளைவு யாவரும் அறிந்ததே. இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களிற் கற்போரில் இன்று பத்தில் அறுவருக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆனால் உழைக்கும் வயதுடைய பெண்களிற் சம்பளத்துக்கோ சொந்தத் தொழிலுக்கோ புறப்படுவோர் மூன்றில் ஒரு பங்கினரளவே. மேலே செல்லச் செல்லத் தொகை இன்னும் சுருங்குகின்றது. கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு முதன்முதலாக ஒரு பெண், பேராசிரியை சாவித்திரி குணசேகர, துணைவேந்தரானது 1999இலேயாகும். 1974இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், பேராசிரியை வசந்தி அரசரத்தினத்தைத் துணைவேந்தராகப் பெற 2011 வரை காத்திருந்தது. ஒலுவிலிலோ 1996 முதல் அப்பதவிக்கு நியமனம் பெற்று வந்தோர் அனைவரும் ஆடவரே.

இதற்குக் காரணம் அறிவுக் குறைவு என்று சொல்ல இன்று எவரும் துணியார். பரீட்சைப் பெறுபேறுகள் அவ்வாயை அடைத்துவிட்டன. அப்படியாயின் தடை எங்கே இருக்கின்றது?

நற்பிட்டிமுனையிலிருந்து நாவிதன்வெளிப் பக்கம் போவோர் கிட்டங்கித் தாம்போதியை அறிவர். கோடையில் அது நல்ல பாதை. மாரியில் வெள்ளம் அதன் மேலாகப் பாயும். பாதையை எவரும் பெயர்த்துவிடவில்லை. "போகாதே" என்று எவரும் மறிக்கவும் இல்லை. ஆயினும் அக்கரை செல்லவேண்டியவர் இக்கரையில் நிற்கின்றார். கற்ற பெண்ணின் தடையும் இத்தகையதே. பட்டத்துக்கும் பதவிக்கும் இடையிலே பாதை இருக்கின்றது. அதன் மேல் நீர் ஓடும் பருவம் எது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை.

பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். சிறந்த சித்தியுடன் பட்டம் பெற்ற ஒருத்தி தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்கின்றாள் என்று கொள்வோம். குறித்த ஆண்டுகளுக்குள் அவள் முதுமாணியோ கலாநிதியோ ஆகவேண்டும். இன்றேல் பதவி உறுதிப்படாது. அதற்குப் பெரும்பாலும் பேராதனைக்கோ கொழும்புக்கோ கடல் கடந்தோ செல்லவேண்டும். அவளுடைய வயது அப்போது இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்டது. திருமணம், முதற்பிள்ளை, இரண்டாம் பிள்ளை ஆகிய யாவும் வந்து சேர்வதும் அதே பத்தாண்டுகளில். உடன் சேர்ந்த ஆடவரும் அதே வயதில் மணம் புரிந்து தந்தையாகின்றார். ஆனால் அவர் மேற்படிப்புக்குப் புறப்படும்போது பிள்ளையை யார் பார்ப்பது என்று அவரை எவரும் கேட்பதில்லை.

இப்பத்தாண்டுகளில் நேரும் தாமதம் பின்னர் ஒருபோதும் ஈடுசெய்யப்படுவதில்லை. கலாநிதிப் பட்டம் பிந்தினால் ஆய்வுக் கட்டுரைகள் பிந்தும். கட்டுரைகள் பிந்தினால் பேராசிரியர் பதவி பிந்தும். பீடாதிபதியைப் பீடச் சபையினர் வாக்களித்துத் தெரிகின்றனர். துணைவேந்தர் பதவிக்குப் பல்கலைக்கழகப் பேரவை மூவரின் பெயரை விதந்துரைக்க, அவர்களில் ஒருவரை ஜனாதிபதி நியமிப்பார். வாக்கும் விதந்துரையும் தகுதியினால் மாத்திரம் வருவனவல்ல, பழக்கத்தினாலும் வருவன. பழக்கமோ கூட்டம் முடிந்தபின் நடக்கும் பேச்சிலும், மாலைத் தேநீரிலும், வெளியூர்ப் பயணத்திலும் வளர்வது. ஐந்து மணிக்கு வீட்டிற் பிள்ளை காத்திருக்கும் தாய்க்கு அங்கே இடமில்லை. இத்தனைக்கும் சட்டத்தில் ஒரு வரிகூட அவளைத் தடுக்கவில்லை!

வர்த்தகத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. மருதமுனைக் கைத்தறிக்கு நாடெங்கும் பெயருண்டு. அத்தறியிலும் நூல் வேலையிலும் பெண்களின் கை கலந்திருக்கின்றது. ஆனால் நூல் எங்கே வாங்குவது, எவ்விலைக்கு விற்பது, எவருக்குக் கடன் கொடுப்பது என்பன தறியருகில் முடிவாவதில்லை. அவை கடைத்தெருவிலும் கொழும்புப் புறக்கோட்டையிலும், நம்பிக்கையின் பேரிலான வாய்ச்சொல்லிலும் முடிவாவன. அச்சொற்கள் பரிமாறப்படும் இடங்களுக்குப் பெண் செல்வதை ஊர் விரும்புவதில்லை.

வேடிக்கை யாதெனின், வங்கி கேட்கும் பிணை நம் கரையிலே பெரும்பாலும் பெண்ணிடமே இருக்கின்றது. வீட்டின் உறுதி அவள் பெயரிலன்றோ உள்ளது? அவ்வுறுதியை ஈடுவைத்துக் கணவரோ சகோதரரோ கடை திறப்பது இயல்பாகக் கொள்ளப்படும். அவளே கடை திறப்பதென்றால் அது புதுமையாகின்றது. அந்த உரிமையும் அசையாததன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின்னர் நிரந்தர வீடுகள் வழங்கப்பட்டபோது, "குடும்பத் தலைவர்" என்னும் பெயரிற் பல இடங்களில் ஆடவரின் பெயருக்கே வீடு எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த உரிமை, படிவத்தின் ஒரு கட்டத்தை நிரப்பியதால் கைமாறிப் போயிற்று.

இன்னொரு காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றது. பிரசவ விடுமுறைச் சம்பளத்தின் முழுச் செலவையும் நம் நாட்டில் தொழில் தருநரே ஏற்கவேண்டும். 2018ஆம் ஆண்டின் திருத்தம் மூன்றாம் பிள்ளைக்கும் அதற்கப்பாலும் முழு விடுமுறையை நீட்டியது. நற்சட்டமே. எனினும், ஐந்தாறு பேரை வைத்து நடத்தும் சிறு நிறுவனத்தார், செலவை எண்ணி இளம் பெண்ணை வேலைக்கெடுக்கத் தயங்குகின்றார். தாய்மையின் பொறுப்பைச் சமுதாயம் முழுவதும் பகிர்ந்துகொள்ளாது ஒருவர் தலையிற் சுமத்தினால், அவர் அச்சுமையைத் தவிர்க்கவே வழி தேடுவார்.

சட்டமே நேராக மறித்த இடமும் ஒன்றுண்டு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், காதியாக நியமிக்கப்படுபவர் ஆணாக இருக்கவேண்டும் என்று விதித்தது. முஸ்லிம் பெண்ணொருத்தி சட்டம் பயின்று நீதவானாகவோ மேல் நீதிமன்ற நீதிபதியாகவோ வருவதற்கு நாட்டின் பொதுச் சட்டத்தில் தடையில்லை. காதி பீடத்துக்கு மாத்திரம் அவள் தகுதியற்றவளாக்கப்பட்டாள். இச்சட்டத்தை ஆராய நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் நியமிக்கப்பட்ட குழு 2018இலேதான் அறிக்கை கையளித்தது. பெண்ணின் தலைமை பற்றிய வினாவை நாம் எவ்வளவு ஆறுதலாக ஆராய்கின்றோம் என்பதற்கு அவ்வொன்பது ஆண்டுகளே சான்று.

இது நமக்கு மாத்திரம் உரிய குறையென்று மனம் சோரவேண்டியதில்லை. செல்வமும் விஞ்ஞானமும் மிக்க அமெரிக்காவிலே, மெக்சிக்கோ, கியூபா முதலிய நாடுகளின் வழிவந்த பெண்களை லத்தீனாக்கள் என்பர். அவர்கள் வீடுகளிலும் மூத்த மகள் தாய்க்கு வலக்கையாக இருக்கவேண்டும். தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு மகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவர். குடும்பத்தை விட்டு நீங்குவது குடும்பத்தைக் கைவிடுவதாகக் கருதப்படும். நம்மூர்த் தாய்மார் கேட்டால், "இது நம் வீட்டுக் கதையல்லவா?" என்பர். பிரான்ஸ் கோர்டோவா என்னும் அம்மையார் பன்னிரண்டு பிள்ளைகளில் மூத்தவர். அவரே வான்பௌதிக அறிஞராகி, 2002இற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்துக்கும், 2007இற் பர்டியூ பல்கலைக்கழகத்துக்கும் தலைமை ஏற்றார். வர்த்தகத்திலோ, அந்நாட்டின் ஐந்நூறு பெருநிறுவனங்களைப் 'போர்ச்சூன்' சஞ்சிகை 1955 முதல் பட்டியலிட்டு வர, அவற்றுள் ஒன்றின் தலைமை நிறைவேற்று அதிகாரியாக முதல் லத்தீனப் பெண், கியூபாவிற் பிறந்த கெய்ஷா வில்லியம்ஸ், வந்தது 2017இல். செல்வம் பெருகினால் தடை தானே கரையும் என்று எண்ணுவோர் இந்த அறுபத்திரண்டு ஆண்டுகளை எண்ணிப் பார்க்கவேண்டும்.

"பெண்களே தலைமையை விரும்புவதில்லை" என்று சிலர் கூறுவர். விரும்பாதோர் இருக்கலாம், தலைமையை விரும்பாத ஆடவரும் உளர். ஆனால் கூட்டத்துக்குச் சென்று இருட்டியபின் திரும்பினால் அயலார் பேச்சுக்கு ஆளாகவேண்டும், வீட்டிற் சமைக்காத சோற்றுக்கும் தான் பதில் சொல்லவேண்டும் என்று அறிந்தவள் "எனக்கு வேண்டாம்" என்றால், அதை விருப்பமின்மை என்று கொள்வது நியாயமாகுமா? "மார்க்கம் இடந்தராது" என்போரும் உளர். கதீஜா நாயகி (ரலி) அவர்கள் சிறந்த வர்த்தகர் என்பதையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த அம்மையாரின் வர்த்தகப் பொருட்களுடன் சிரியா தேசம் சென்றார்கள் என்பதையும் நம் குழந்தைகள் பாடப் புத்தகத்திலேயே படிக்கின்றனர். மொரோக்கோவின் பெஸ் நகரில் 859ஆம் ஆண்டிற் கரவிய்யீன் கல்விக்கூடத்தைத் தோற்றுவித்தவர் பாத்திமா அல்-பிஹ்ரி என்ற பெண்மணி என்றே மரபு கூறுகின்றது. சான்றோர் வரலாற்றை மேடையிற் புகழ்ந்துவிட்டு, வீட்டில் மகளுக்கு மறுப்பது பொருந்துமா?

பெற்றோருக்கு நாம் ஒன்று சொல்லத் துணிகின்றோம். மகளுக்கு வீடு கட்டுவதற்கு எத்தனை ஆண்டுகள் வயிற்றைக் கட்டிச் சேமிக்கின்றீர்கள்! அச்சேமிப்பின் ஒரு பகுதியை அவளுடைய மேற்படிப்புக்கென ஒதுக்கிவையுங்கள். மணம் பேசும்போது சீதனத்தைப் பற்றி எத்தனை நுட்பமாகப் பேசுகின்றோமோ, அத்தனை நுட்பமாக அவளுடைய படிப்பையும் தொழிலையும் பற்றி முன்னரே பேசிவிடவேண்டும். நம் கரையில் மகள் தாயின் அயலிலேயே வாழ்கின்றாள். மாமியார் வீட்டுக்குச் செல்லும் பெண்ணுக்கு இல்லாத பெருந்துணை இது. பேரக்குழந்தையைப் பார்க்கத் தாயும் தமக்கையும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றனர். இவ்வாய்ப்பைத் தலைமைக்கான படியாகப் பயன்படுத்த வேறெந்த ஊராரை விடவும் நமக்கே எளிது.

நிறுவனங்களை நடத்துவோர் கூட்டங்களைப் பகலில் வைக்கலாம். பிள்ளை பராமரிப்பு நிலையமொன்றை அமைக்கலாம். பிரசவத்தால் இழந்த காலத்தைப் பதவியுயர்வுக் கணக்கில் விட்டுக்கொடுக்கலாம். மாணவிகளோ, பட்டத்தை முடிவெனக் கொள்ளாது, அதன் பின் வரும் பத்தாண்டுகளுக்கு இப்போதே திட்டமிடுவார்களாக. மாணவரும் வருங்காலக் கணவர் அன்றோ? பிள்ளையை ஏந்தவும் அடுப்பை மூட்டவும் அவர்களும் பழகிக்கொள்வார்களாக.

தாம்போதியின் மேல் வெள்ளம் பாய்கின்றதென்றால் அதற்குப் பரிகாரம் பாலம் கட்டுவதே. "நீந்தத் தெரிந்தவள் வந்து சேரட்டும்" என்று அக்கரையிலிருந்து கூறுவது ஊரவர்க்கு அழகன்று. இதுவரை உயர்ந்த சில பெண்மணிகள் நீந்தியே கரையேறினர். அவர்களை நாம் வாழ்த்துகின்றோம். அவர்களுக்குப் பின் வருவோர் உடை நனையாது நடந்து செல்லவேண்டும் என்பதே நமது அவா.