கொப்பி நிரம்பவில்லையே!



விஜயதசமியன்று ஏடு தொடக்கிய கையோடு, பிள்ளையின் கொப்பியில் எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள் காரைதீவுப் பெற்றோர் பலர். வெறுங்கொப்பி என்றால் முன்பள்ளி ஆசிரியைக்குத்தான் ஏச்சு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் காய்ச்சல் மூன்று வயதிலேயே தொற்றிக்கொள்கிறது போலும்.

வகுப்பில் நடப்பது வேறு. களிமண் உருட்டுதல், தாளைக் கிழித்து ஒட்டுதல், மணி கோத்தல், கதை கேட்டு நடித்தல், தன் முறை வரும்வரை காத்திருத்தல். பென்சில் பிடிக்குமுன் விரல்களின் சிறுதசைகள் உறுதிப்பட வேண்டும். தமிழின் 247 எழுத்துகளிலுள்ள சுழியும் வளைவும் அதன் பிறகே கைக்கு வரும். முதலாம் தரத்தில்கூட, தொடக்க வாரங்களில் விளையாட்டின் ஊடாகப் பிள்ளையை இனங்காணும் வேலைதான் நடக்கிறது.

இசையை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்த சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர் இது. இங்கே பாலர் வகுப்பின் பாட்டு நேரத்தைப் 'படிப்பில்லாத நேரம்' என்பது விசித்திரம்.

வீட்டில் உதவ நினைப்பவர்களுக்குச் செலவே இல்லை. பயிற்றங்காய் முறிக்கும்போதும் கச்சான் கோது உடைக்கும்போதும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தலாம். கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளைப் பெரியது, சிறியது என்று பிரித்து எண்ணினால் கணக்கும் ஆயிற்று. ஈரமணலில் விரலால் 'அ' எழுதினால் அழிறப்பரும் தேவையில்லை, அலை பார்த்துக்கொள்ளும். இரவில் அம்மம்மாவோ, பக்கத்து ஊரென்றால் உம்மம்மாவோ, ஒரு கதை சொன்னால் போதும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கொப்பியைக் கேட்பதை விட்டு, பிள்ளை யாரோடு சேர்ந்து விளையாடுகிறது என்று ஆசிரியையிடம் விசாரியுங்கள்.

வாசகி ஒருவர்,
காரைதீவு