ஒத்தை விரல் போதும் சாமி!

பேஸ் கிடார் ஆசாமிகள் நாலு பேர் கூடினா பேச்சு எங்கே ஆரம்பிக்கும்? பாட்டுலயா? ம்ஹூம். நாலு கம்பியா அஞ்சு கம்பியா, பிக்கப் எது, ஆம்ப் எத்தனை வாட்? கம்பி மாத்தி எத்தனை நாளாச்சுங்கிற விசாரணை வேற :)

ஜேம்ஸ் ஜேமர்சனை எடுத்துக்குங்க. 1960-களில் டெட்ராய்ட்டின் மோடவுன் கம்பெனி போட்ட ஏகப்பட்ட ஹிட்களில் பேஸ் அவரோடதுதான். கையில் ஒரு 1962 ஃபெண்டர் ப்ரெசிஷன். அப்போ கடையில் யார் வேணும்னாலும் வாங்கக்கூடிய சரக்கு. தடிமனான ஃப்ளாட்வூண்ட் கம்பி. அறுந்தா ஒழிய மாத்த மாட்டாராம். மீட்டுறது ஆள்காட்டி விரல் ஒண்ணாலதான். அந்த ஒத்தை விரலில், பின்னாடி நின்ன பேஸ், பாடகரோட சேர்ந்து பாட ஆரம்பிச்சது.

அப்போ கருவி முக்கியமில்லையான்னு கேட்பீங்க. முக்கியம்தான். அந்தப் பழங்கம்பியின் மழுங்கின ஒலி இல்லாம அந்தப் பாட்டுகள் இல்லை. ஆனா அடுத்த கருவியில் என்ன இருக்குன்னு அவர் அலையலை. கையில் இருந்ததுல என்ன இருக்குன்னு தோண்டினார்.

என் ஆதங்கம் இதுதான். மோடவுன் தன் ஸ்டூடியோ வாத்தியக்காரங்க பேரை ஆல்பத்தில் போட்டதே 1971-ல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தப்பதான். அதுவரை ஊரே ஆடுச்சு, வாசிச்சவர் பேர் தெரியாம. இன்னிக்குப் பேர் தெரியும், கம்பியோட பிராண்டும் தெரியும். வாசிப்பைத்தான் கேட்க ஆளில்லை.

அடுத்த பெடல் வாங்குறதுக்கு முன்னாடி, பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒரு பாட்டை முழுசா கேளுங்க மக்கா. செலவு மூணு நிமிஷம்தான்.