பழைய சாகசத்துக்குப் புது விதி

புதிய பதிப்பு வருகிறது என்ற அறிவிப்பைக் கேட்டதும் ரோல்பிளேயிங் ஆட்டக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: ‘கையில் இருக்கும் புத்தகங்கள் என்னாகும்?’ இதைப் பணக் கவலை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு விதித் திருத்தம் நல்லதா கெட்டதா என்பதை இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்தே எடை போடலாம் என்று நம்புகிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்கிறோம். ஆளுக்கொரு கதாபாத்திரம். ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர். கதை நடக்கும் உலகத்தையும், அங்கே எதிர்ப்படும் மனிதர்களையும் மிருகங்களையும் அவர் நடத்துகிறார். ‘கதவை உடைக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். பகடையை எப்படிப் படிப்பது என்பதை விதிப் புத்தகம் சொல்லும். இதைத் தவிர கேம் மாஸ்டருக்கென்று சாகசப் புத்தகங்கள் தனியே உண்டு: வரைபடங்கள், ஆட்கள், ரகசியங்கள், முழுக்கதையின் எலும்புக்கூடு. விதிப் புத்தகம் ஒன்றுதான். சாகசப் புத்தகங்களோ பத்து இருபது ஆண்டுகளாகப் பலர் எழுதிச் சேர்த்தவை. ஒன்றைத் திருத்தினால் அத்தனையும் ஆட்டம் காணும்.

ஆனால் விதியும் சாகசமும் ஒன்றையொன்று தொடும் இடம் மிகக் குறுகலானது. சாகசப் புத்தகத்தில் ஒரு காவலாளி வருகிறான் என்றால் அவனைப் பற்றி ஆறேழு எண்கள் இருக்கும்: அவனைத் தாக்குவது எவ்வளவு கடினம், எத்தனை அடி தாங்குவான், அவன் கத்தி எவ்வளவு காயப்படுத்தும். இந்தச் சில எண்களின் அளவுகோலை மட்டும் காப்பாற்றிவிட்டால் மற்றதையெல்லாம் தைரியமாக மாற்றலாம். திருத்துகிறவர்களின் திறமை இந்த இடத்தில்தான் தெரிகிறது.

நான் பார்த்தவற்றில் இதை அழகாகச் செய்தது ‘கால் ஆஃப் க்துலு’வின் ஏழாம் பதிப்பு. சாண்டி பீட்டர்சன் உருவாக்கி, கேயோசியம் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட திகில் ஆட்டம் இது. முதல் ஆறு பதிப்புகளிலும் அடிப்படை பெரிதாக மாறவில்லை. 2014-இல் வந்த ஏழாம் பதிப்பில் பால் ஃப்ரிக்கரும் மைக் மேசனும் துணிந்து கைவைத்தார்கள். பலம், அறிவு போன்ற குணங்கள் அதுவரை பெரும்பாலும் 3 முதல் 18 வரையிலான எண்கள். அவற்றை ஐந்தால் பெருக்கினார்கள். பலம் 13 என்றிருந்தால் இப்போது 65. நூறுக்குள் பகடை உருட்டி 65-க்குள் விழுந்தால் வெற்றி.

இந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பழைய பதிப்புகளில் ஒரு கதாபாத்திரத்துக்கு ஏதாவது யோசனை தோன்றுகிறதா என்று பார்க்க, அறிவு எண்ணை ஐந்தால் பெருக்கித்தான் பகடை உருட்டுவோம். அதிர்ஷ்டத்துக்கும் அப்படியே, இன்னொரு குணத்தை ஐந்தால் பெருக்குவோம். மேசையில் எல்லோரும் ஆண்டாண்டுகளாக மனத்துக்குள் போட்டுவந்த கணக்கை, திருத்தியவர்கள் ஒரேயடியாகத் தாளில் போட்டு முடித்துவிட்டார்கள். 1957-இல் அணா போய் நயா பைசா வந்தபோது ஓரணாவுக்கு ஆறேகால் பைசா என்று கடைக்காரரும் வாங்குபவரும் திண்டாட நேர்ந்ததே, அந்தக் கால் பைசாத் தொல்லை இங்கே இல்லை. பெருக்கினால் மிச்சம் இல்லாமல் விழுகிறது.

அதைவிட நுட்பமான வேலை ஒன்று உண்டு. உடலின் தாங்குதிறனை முன்பு இரண்டு குணங்களைக் கூட்டி இரண்டால் வகுத்துக் கண்டுபிடிப்போம். குணங்கள் ஐந்து மடங்கானதும், கூட்டிப் பத்தால் வகுக்கச் சொல்லிவிட்டார்கள். விடை ஏறக்குறைய பழைய விடையேதான். ஆகவே ரிவால்வர் குண்டு முன்பு எவ்வளவு காயப்படுத்தியதோ இன்றும் அவ்வளவுதான். பழைய சாகசப் புத்தகத்தில் அச்சான ஆயுதங்களையும் காயங்களையும் ஒன்றைக்கூடத் திருத்த வேண்டியதில்லை. 1984-இல் லாரி டிடில்லியோ எழுதிய ‘மாஸ்க்ஸ் ஆஃப் நயார்லதோடெப்’, நியூயார்க்கில் தொடங்கி லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று ஓடும் மாபெரும் சாகசம். அதை ஏழாம் பதிப்புக்கென்று விரிவாக்கி 2018-இல் மறுபடி வெளியிட்டார்கள். ஆனால் அந்த நான்கு ஆண்டுகள் யாரும் காத்திருக்க அவசியம் இருக்கவில்லை. பழைய புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, குண எண் வரும்போது ஐந்தால் பெருக்கிக்கொண்டே ஆடலாம்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வரலாறு இவ்வளவு சீராக இல்லை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த ஆட்டத்தில் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் இதில் தடுக்கி விழுவார். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு, பழைய சாகசங்கள் கெடக்கூடாது என்பதற்காக அந்தத் தலைகீழ் எண்ணை அப்படியே விட்டுவைத்தது. புத்தகங்கள் பிழைத்தன, புதியவர்கள் இன்னும் பதினோரு ஆண்டுகள் கழித்தல் கணக்குப் போட்டார்கள். பழையதோடு ஒத்துப்போவதற்கு இப்படியும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தது சரியா என்பதில் எனக்கு இன்றும் முழு நிறைவு இல்லை.

ஏனென்றால் கவச எண்ணைத் திருப்புவது சுலபம். 2000-இல் மூன்றாம் பதிப்பு அதைச் செய்தது: பழைய எண்ணை 20-இலிருந்து கழித்தால் புதியது. 4 இருந்த இடத்தில் 16. அந்த மாற்றத்தால் எந்தச் சாகசமும் சாகவில்லை. சிக்கல் வேறு இடத்தில். அதே பதிப்பு, அதுவரை இரண்டு வரியில் அடங்கிய மிருகங்களுக்கும் ஆறு குணங்கள், திறன்கள், சிறப்புத் தேர்ச்சிகள் என்று முழு ஜாதகம் எழுதியது. பழைய சாகசத்தில் இல்லாத எண்களை எதிலிருந்து பெருக்குவது? மாற்றும் முறையை விளக்கிக் கையேடு கொடுத்தார்கள். ஆனாலும் கேம் மாஸ்டர் முந்தின நாள் இரவே உட்கார்ந்து ஒவ்வொரு மிருகத்தையும் புதிதாக எழுதும்படி ஆயிற்று. மேசையில் ஆட்டத்தின் நடுவே மாற்ற முடிவதும், வீட்டுப்பாடம் போல் முன்கூட்டி மாற்றவேண்டியிருப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ‘ஒத்துப்போகும்’ என்ற ஒரே சொல்லால் விளம்பரப்படுத்துவதுதான் எனக்கு ஆகாது.

2008-இல் நான்காம் பதிப்பு முந்தையதிலிருந்து அடியோடு விலகியபோது, பைசோ நிறுவனம் மூன்றாம் பதிப்பின் திருத்த வடிவத்தைத் திறந்த உரிமத்தின்கீழ் எடுத்துச் செப்பனிட்டு 2009-இல் ‘பாத்ஃபைண்டர்’ என்று வெளியிட்டது. பைசோ 2007-இலிருந்தே அந்தப் பழைய விதிகளுக்குத் தொடர் சாகசங்கள் பதிப்பித்து வந்த நிறுவனம். அவர்களுடைய பிழைப்பே சாகசங்களில் இருந்ததால், விதியைத் தொடும் ஒவ்வொரு முறையும் தங்கள் கிடங்கை நினைத்துப் பார்த்திருப்பார்கள். சாகசம் எழுதுகிறவர்களிடம் திருத்தும் வேலையைக் கொடுப்பது எவ்வளவு நல்லது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸி’ன் 2024 பதிப்பு நடுவில் நிற்கிறது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் சாகசங்களை அப்படியே நடத்தலாம் என்கிறார்கள் அதன் பதிப்பாளர்கள், பெரும்பாலும் உண்மைதான். கதாபாத்திர வகுப்புகளுக்குள் இருக்கும் உட்பிரிவுகளை எல்லா வகுப்பினரும் கதாபாத்திர வளர்ச்சியின் மூன்றாம் நிலையில்தான் எடுக்கவேண்டும் என்று மாற்றினாலும், பழைய உட்பிரிவு வைத்திருப்பவர் என்ன செய்வதென்று புத்தகத்திலேயே வழி சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டில், கதாபாத்திரங்களைச் சேமித்துவைக்கும் அவர்களது இணையச் சேவையில், பழைய மந்திரங்களுக்கும் மாயப் பொருட்களுக்கும் பதில் புதிய வடிவங்களே இருக்கும் என்று அறிவித்தார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்தெழ, சில நாட்களிலேயே அந்த முடிவைக் கைவிட்டார்கள். காகிதப் புத்தகம் வைத்திருப்பவரிடம் யாரும் வந்து பக்கத்தைக் கிழித்துப் புதிதை ஒட்டிவிட்டுப் போகமுடியாது. திரையில் அது முடியும். ஒத்துப்போவது என்பதில் இனிமேல் பழையதை அழிக்காமல் வைத்திருப்பதும் சேரவேண்டும்.

அதனால் புதுப் பதிப்பு எதையும் வாங்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்கிறேன். பழைய சாகசம் ஒன்றில் ஏதாவது ஒரு அறையைத் திறந்து, அதிலிருக்கும் ஆட்களோடு புதிய விதிப்படி ஒரு சண்டை. எழுதுகோல் எடுக்காமல் நடத்த முடிந்தால் வாங்குவேன். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், 2019-இல் வந்த ‘ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’. 1981-ஆம் ஆண்டு விதிகளைத் தெளிவாக மறுபடி எழுதிய இந்த நூலில், கவச எண் இருவிதமாகவும் அச்சாகியிருக்கிறது: அந்த விதிகளின் தனி அளவுகோலில் பழைய முறைப்படி 5, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் புதிய முறைப்படி 14. தலைகீழ் எண்ணோடு வளர்ந்தவரும் நேர் எண் மட்டுமே தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, 1979-இல் கைகாக்ஸ் எழுதிய எல்லைக்கோட்டைச் சாகசத்தை ஆடலாம். எங்கள் குழுவில் அதைத்தான் இப்போது ஆடிக்கொண்டிருக்கிறோம்.