துருத்திக்குத் தோல் தந்தவர் யார்?

சம்மட்டி, குறடு, துருத்தி, பட்டறைக்கல். கொல்லர் பட்டறையின் இந்தக் கருவிகளை இன்று 'பாரம்பரியம்' என்று கொண்டாடுகிறார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் வைக்கிறார்கள். உல்லாச விடுதிச் சுவரில் மாட்டுகிறார்கள். கொல்லர் குடும்பத்தில் பிறந்த நான் கேட்கிறேன்: எதைக் கொண்டாடுகிறீர்கள்?

துருத்தியையே எடுத்துக்கொள்வோம். அது தோலால் ஆனது. எங்கள் பக்கத்தில் செத்த மாட்டை உரித்து அந்தத் தோலைப் பதப்படுத்தியவர்கள் அருந்ததிய மக்கள். அவர்கள் தந்த தோல் உலைக்குக் காற்று ஊதியது. அவர்களோ வாசலுக்கு வெளியே நின்றார்கள். அங்கே அடித்த அரிவாள் யார் கைக்குப் போனது? ஒரு குழி நிலம்கூட இல்லாத கூலிகளின் கைக்கு. கொல்லருக்கும் கூலி காசாக இல்லை. அறுவடைக் களத்தில் அளந்து போட்ட நெல்தான். இதுதான் உங்கள் பாரம்பரியம்! பூணூல் போட்டுக்கொண்டு 'நாங்களும் பிராமணர்' என்று பெருமை பேசும் என் சாதிச் சங்கத்தாருக்கும் இதே கேள்விதான்.

2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் இந்த ஒழுங்குக்குத்தான் முட்டுக் கொடுக்கிறது. கொல்லர், செருப்புத் தைப்பவர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துபவர் என 18 தொழில்கள். கருவி வாங்க 15,000 ரூபாய். 5 விழுக்காடு வட்டியில் கடன். 18 வயதிலேயே சேரலாம். கல்லூரிக்குப் போகவேண்டிய வயது அது! குடும்பவழித் தொழிலையும் குரு-சிஷ்யப் பரம்பரையையும் வலுப்படுத்துவதே நோக்கம் என்று அரசே சொல்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வியைப் பெரியார் எதிர்த்துப் போராடினார். அடுத்த ஆண்டே ராஜாஜி பதவி விலகினார். காமராசர் ஆட்சியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. இப்போது வந்திருப்பது அதே சரக்கு, புதுப் பொட்டலம்.

அந்த 18 தொழில்களில் அர்ச்சகர் தொழில் இல்லை. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியபோது, அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போனார்கள். கருவறை அவர்களுக்குப் பரம்பரைச் சொத்து. உலைக்களம் நமக்குப் பரம்பரைக் கடன்!

கொல்லு வேலை கேவலம் அல்ல. இரும்பின் சிவப்பைப் பார்த்தே பதம் அறியும் அறிவு அது. அந்த அறிவை ஐடிஐயில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். தக்க ஊதியம் கொடுங்கள். அக்கிரகாரத்துப் பையனும் சம்மட்டி பிடிக்கட்டும். கொல்லர் வீட்டுப் பெண் விரும்பிய படிப்பைப் படிக்கட்டும்.

கருவியைக் கொடுங்கள். அதோடு சாதியையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்காதீர்கள்.